பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு மனநோய்

இளங்கலை உளவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அப்நார்மல் சைக்காலஜி, அதாவது மனநோய்களைப் பற்றிய பாடம், என்றால் தனி ஆசை. புள்ளியியல் வகுப்பில் கொட்டாவி விடுகிறவன்கூட இந்த வகுப்புக்கு முதல் பெஞ்சில் வந்து உட்காருவான். இந்தத் தாளுக்குத்தான் எங்கள் துறையில் குழு செமினார் வைத்திருக்கிறோம். ஐந்தாறு பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு நோய், இருபது நிமிடம் பேச்சு, அப்புறம் பத்து நிமிடம் கேள்வி. இன்டர்னலில் பத்து மதிப்பெண்.

கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துவதைவிட இந்தப் பத்து மதிப்பெண்ணைப் போடுவது எனக்குக் கஷ்டம். விடைத்தாளில் எழுதியவர் ஒருவர், படிப்பவர் ஒருவர், அவ்வளவுதான். இங்கே ஆறு பேர் சேர்ந்து செய்ததை ஆறாகப் பிரிக்க வேண்டும். அவர்கள் பேசுவதோ இன்னொருவருடைய துன்பத்தைப் பற்றி. கேட்டுக்கொண்டிருக்கும் அறுபது பேரில் அந்தத் துன்பம் யாருக்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. இது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு எண்ணைப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் போர்ட்டலில் ஏற்றியாக வேண்டும்.

தலைப்பு ஒதுக்கும் அன்றே வேடிக்கை ஆரம்பித்துவிடும். எல்லோருக்கும் வேண்டியது 'மல்டிபிள் பர்சனாலிட்டி'. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994இல் தன் கையேடான டிஎஸ்எம்மின் நான்காம் பதிப்பிலேயே அந்தப் பெயரை எடுத்துவிட்டு டிஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர் என்று வைத்துவிட்டது. ஆனால் 2005இல் சில மாத இடைவெளியில் வந்து சக்கைப்போடு போட்ட இரண்டு தமிழ்ப் படங்களை எந்தக் கையேட்டாலும் அசைக்க முடியவில்லை. அந்தப் படங்கள் வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர்களும், பிறந்தே இராதவர்களும் இப்போது அதே தலைப்பைக் கேட்டு அடித்துக்கொள்கிறார்கள். அடுத்த கிராக்கி சைக்கோபாத்துக்கு, அதாவது தொடர் கொலைகாரர்களுக்கு.

குடிநோய் வேண்டும் என்று ஒரு குழுவும் கேட்டதாக நினைவில்லை. தங்கள் தெருவில், சிலர் தங்கள் வீட்டுக் கூடத்திலேயே, கண்ணால் பார்த்திருக்கும் கோளாறு அதுவாகத்தான் இருக்கும். "அதுல என்ன மேம் இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்பார்கள். சரி, பல வருஷம் தினமும் குடித்த ஒருவர் ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டால் "நல்லது மேம்" என்று பதில் வரும். நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் ஆள் யார், இடம் எது என்று தெரியாத குழப்பம் வந்து உயிரே போகலாம், அதனால்தான் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று சொன்னால் வகுப்பு அசையாமல் உட்கார்ந்திருக்கும். சில பேர் யாரையோ நினைத்துக்கொள்வது முகத்திலேயே தெரியும். எல்லோருக்கும் தெரிந்த நோய் இது! ஆகவே இப்போதெல்லாம் விருப்பம் கேட்பதில்லை, சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடுகிறேன்.

அடுத்தது ஸ்லைடு. ஒரு ஸ்லைடைப் பார்த்தே அது எந்தக் காலத்து இணையக் குறிப்பிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயை எடுத்த குழு திரையில் பாரனாய்டு, டிஸ்ஆர்கனைஸ்டு, கேட்டடோனிக், அன்டிஃபரன்ஷியேட்டட், ரெசிடுவல் என்று ஐந்து வகையைப் போட்டால், அது 2013க்கு முந்தைய சரக்கு. அந்த ஆண்டு வந்த டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பு ஐந்தையும் நீக்கிவிட்டது. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11உம் கைவிட்டுவிட்டது. ஒரே நோயாளி இந்த வருஷம் ஒரு வகையாகவும் அடுத்த முறை அட்மிட் ஆகும்போது வேறு வகையாகவும் தெரிந்தார். வகையைப் பிரித்ததால் சிகிச்சையிலும் பெரிய மாற்றம் ஒன்றும் வரவில்லை. வைத்திருப்பதில் பயனில்லை என்று எடுத்துவிட்டார்கள். ஓசிடியை, அதாவது வேண்டாத எண்ணமும் அதை அடக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயலும் வாட்டும் நோயை, பதற்ற நோய்களின் கீழே போட்டிருந்தாலும் அதே கதைதான். அதுவும் 2013இல் தனிக்குடித்தனம் போய்விட்டது. 'ஆக்ஸிஸ் 1, ஆக்ஸிஸ் 2' என்று ஐந்தாம் பதிப்பு கைவிட்ட பழைய பிரிவுகளோடு யாராவது ஆரம்பித்தால் எந்த அக்காவின் நோட்ஸ் என்றே கேட்டுவிடுவேன்.

ஆனால் இந்தத் துப்பறியும் வேலைக்கு ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. ஏஐயிடம் கேட்டால் பெரும்பாலும் புதிய பட்டியலையே கொடுத்துவிடுகிறது. அதோடு ஒரு கேஸும் இலவசம். அந்த கேஸில் வருபவர் எப்போதும் 24 வயது ஐடி ஊழியர். கூலி வேலைக்குப் போகிறவருக்கு, மாடு மேய்க்கிறவருக்கு, ரேஷன் கடையில் நிற்கிற அம்மாவுக்கு மனநோயே வராது போலிருக்கிறது. ஸ்லைடு அழகாக இருக்கிறது, பிழை இல்லை, படிக்கிறவர் குரலில் மட்டும் முதன்முறை படிக்கும் தடுமாற்றம். இதைப் பார்த்த பிறகு ஸ்லைடுக்கு ஒரு மதிப்பெண் என்று குறைத்துவிட்டேன். அதுவும் கடைசி பெஞ்சுக்கு எழுத்து தெரிகிறதா என்பதற்கு.

சரியாகத் தோன்றும் ஸ்லைடில் எனக்கு அதிகம் உறுத்துவது மூளை வேதியியல் படம்தான். 'மனச்சோர்வுக்குக் காரணம் செரட்டோனின் குறைவு' என்று, மூளையின் ஒரு வேதிப்பொருளைச் சொல்லி, ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். 2022இல் லண்டன் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்துவிட்டு, செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதினார்கள். அதற்கு நிறைய மறுப்பும் வந்தது. 'அப்படியானால் மாத்திரை வேலை செய்யாதா?' என்பது அடுத்த கேள்வி, அதற்கான பதில் வேறு. ஒரு மருந்து ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமலே அது வேலை செய்யலாம், தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொள்கிறவர் அதன் வேதியியலைக் கேட்பதில்லை. இந்த இரண்டு கேள்வியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மாணவர் கிடைத்தால் அன்றைக்கு எனக்குத் திருவிழா.

இனி நடிப்பு. எங்கள் பிள்ளைகளுக்கு ஸ்கிட் போடாமல் செமினார் முடியாது. மனச்சிதைவு என்றால் ஒருவன் தலையைக் கலைத்துக்கொண்டு சுவரோடு பேசுவான், மேனியா என்ற மிகை உற்சாக நிலை என்றால் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு குதிப்பான். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். ஓசிடி குழு ஒன்று வந்தபோது ஒரு பையன் ஐந்து நிமிடம் கையை மட்டும் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தான், கைதட்டல் அள்ளியது. முடிந்ததும் கேட்டேன், "எவ்வளவு நேரம் கழுவினா நோய், தம்பி?" அவனுக்குத் தெரியவில்லை. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிலேயே போனால், அல்லது அதனால் வேலையோ வாழ்க்கையோ கெட்டால் என்று கையேடு சொல்கிறது. அவர்களுடைய ஸ்லைடிலேயே அது இருந்தது. "சரி, கையே கழுவாத ஓசிடி உண்டா?"

அந்தக் குழுவில் ஓரமாக நின்றிருந்த ஒரு பெண் கை தூக்கினாள். "கைக்குழந்தை வச்சிருக்கற ஒரு அம்மா மேம். குழந்தையைக் கத்தியால குத்திடுவோமோன்னு திடீர்னு ஒரு நினைப்பு வரும். அதுக்குப் பயந்துகிட்டு வீட்ல இருக்கற கத்தி, கத்தரிக்கோல் எல்லாத்தையும் ஒளிச்சு வைப்பாங்க. காய் நறுக்கவே மாட்டாங்க. வெளியே பாத்தா ஒண்ணும் தெரியாது."

"அப்ப குழந்தைய அவங்ககிட்ட விடலாமா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"அவங்க குத்த மாட்டாங்க. இப்படி ஒரு நினைப்பு எனக்கு வரலாமான்னு துடிக்கிறவங்க அவங்க. குத்தணும்னு நினைக்கிறவங்களுக்கு அந்தத் துடிப்பு இருக்காது."

அந்தக் குழுவின் மதிப்பெண்ணில் பெரும்பகுதி இந்த மூன்று நான்கு வாக்கியத்துக்குத்தான் போனது. தனக்கே பிடிக்காத எண்ணம் தன்னுள் வந்து நிற்பதுதான் அந்த நோய் என்பதைப் புத்தக வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் அவள் சொல்லிவிட்டாள். கை தேய்த்த பையன் இன்றுவரை என்மேல் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறான் என்று கேள்வி. அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தேன்: நோயாளியாக நடிக்கக் கூடாது. நடித்தே ஆக வேண்டும் என்றால் கேள்வி கேட்கிறவராக நடியுங்கள். எதிரே ஒருவர் உட்கார்ந்து 'எனக்கு ஒண்ணும் இல்லைங்க, தூக்கம்தான் வரல' என்கிறார், அங்கிருந்து எப்படிப் போவீர்கள் என்று காட்டுங்கள். இதில் சிரிப்பு குறைவு, உழைப்பு அதிகம். கடந்த செமஸ்டரில் இரண்டு குழு செய்து பார்த்தது. ஒன்று படுதோல்வி, ஆனால் நல்ல தோல்வி. மூன்றாவது நிமிடத்தில் கேட்க வேறு கேள்வி இல்லாமல் அந்தப் பையன் எதிரில் இருந்தவரைப் பார்த்து, "சாப்டீங்களா?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்கு அது மோசமான கேள்வியாகப் படவில்லை. பசி, தூக்கம் இரண்டையும் கேட்காமல் மனச்சோர்வைப் பற்றி எதையும் கேட்க முடியாது.

இந்தச் சிரிப்பைப் பற்றி நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்று சக ஆசிரியர்களே கேட்டிருக்கிறார்கள். 2015–16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நாட்டில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகக் கணக்கிட்டது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே போயிருக்கவில்லை. அந்தக் கணக்கை அப்படியே என் வகுப்பின்மேல் பொருத்த முடியாதுதான். ஆனாலும் அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் நோயை அறியாதவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பேசுவது அறிவீனம். சுவரோடு பேசிக்காட்டும் பையனைப் பார்த்து மூன்றாவது பெஞ்சில் ஒருவர் சிரிக்காமல் இருப்பார். அவருக்கு வீட்டில் ஒரு அண்ணன் இருக்கலாம். இல்லாவிட்டால் அவருக்கே அந்தக் குரல் நேற்று கேட்டிருக்கலாம்.

'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று விளையாட்டாகச் சொன்னால் நான் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வரலாறு கேட்பேன். 1794இல் மதராஸில் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்த அரசு மனநலக் காப்பகம் அது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர்களில் ஒருவரான சாரதா மேனன் தலைமை வகித்த இடம். மனச்சிதைவு நோயாளிகளுக்காக அவர் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பும் சென்னையில்தான் இருக்கிறது. மனச்சிதைவு வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று ஸ்லைடு போடுகிறவர்களுக்கு இதே ஊரில் நடந்த ஆய்வைக் காட்டுவேன். 1980களின் தொடக்கத்தில் முதன்முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரை டாக்டர் தாரா முதலியோர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். வேலைக்குப் போனவர்கள், கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்று அதில் நிறையப் பேர் உண்டு. சென்னைக்குப் படிக்க வந்த பிள்ளைகளுக்குச் சென்னையிலேயே எடுத்த சான்று தெரியவில்லை, அமெரிக்கப் பாடநூலின் கேஸ் தெரிகிறது. மேற்கோளுக்கு ஒரு மதிப்பெண் என்று வைத்திருந்ததை உள்ளூர்ச் சான்றுக்கு ஒரு மதிப்பெண் என்று மாற்றியதற்கு இதுதான் காரணம்.

அப்படி மாற்றியதால் நல்ல சண்டை ஒன்றும் கிடைத்தது. ஒரு குழு, மனநோய் தீர தர்காவுக்கு மக்கள் வரும் ராமநாதபுரம் மாவட்ட ஏர்வாடியைப் பற்றிச் சொன்னது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் கூடாது என்று தடை செய்கிறது. குழு இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, 'ஆகவே கோயில், தர்கா என்று போவது மூடநம்பிக்கை' என்று முடித்தது. எதிர்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு ஆய்வைத் தேடி வைத்திருந்தாள். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் சில வாரம் தங்கிய 31 பேரைப் பார்த்திருக்கிறார்கள். கோயிலில் மருந்து கிடையாது, சடங்கும் பெரிதாகக் கிடையாது, தங்கி சின்னச் சின்ன வேலை செய்வார்கள். ஆனாலும் நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. "அப்ப கோயில் குணமாக்குதா, சங்கிலி இல்லாத இடம் குணமாக்குதா?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல வேண்டிய குழு திணறியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டம் அந்த ஆய்வில் இல்லை என்று ஒருவன் கடைசியில் பிடித்துக்கொண்டான். அவன் அதைச் சொன்னதும் என் தாளில் அவன் பெயருக்கு எதிரே ஒரு டிக். கேள்வி கேட்ட பெண்ணுக்கு என்ன செய்வது? அவள் பேசும் முறை அடுத்த வாரம்தான். கேட்கிறவருக்கும் மதிப்பெண் வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். இப்போது ஒவ்வொருவரும் செமஸ்டருக்குள் வேறு ஏதாவது இரண்டு குழுக்களிடம் உருப்படியான கேள்வி ஒன்றாவது கேட்டிருக்க வேண்டும். இதனால் ஒரு கூடுதல் நன்மை: மற்றவர்கள் பேசும்போது போனை நோண்டுவது குறைந்திருக்கிறது.

குழு என்பதே ஒரு தலைவலி. ஆறு பேரில் இரண்டு பேர் உழைப்பார்கள், ஒருவர் லேப்டாப் கொடுப்பார், ஒருவர் 'தேங்க் யூ' ஸ்லைடை வாசிப்பார், மீதி இரண்டு பேர் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பார்கள். நாங்களே பாடம் நடத்தும் விஷயம்தான் இது. பிரான்சில் மாக்ஸ் ரிங்கல்மான் என்ற வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்துப் பார்த்தார். 1913இல் வெளியான அவருடைய கணக்கில், ஆள் கூடக் கூடத் தலைக்கு இழுக்கும் வலு குறைந்துகொண்டே போனது. 1979இல் அமெரிக்க உளவியலாளர் லட்டானேயும் சகாக்களும் கைதட்டவும் கத்தவும் வைத்து அதையே காட்டினார்கள். கூட்டத்தில் யார் எவ்வளவு செய்தார் என்று தனித்தனியாகத் தெரியும்படி வைத்தால் இந்தச் சோம்பல் பெருமளவு போய்விடும் என்பதும் அடுத்தடுத்த சோதனைகளில் தெரிந்தது. இதை வகுப்பில் நடத்திவிட்டு அதே வாரம் ஆறு பேருக்கும் ஒரே மதிப்பெண் போடுகிற துறைகளை எனக்குத் தெரியும்.

நான் பத்தை நாலும் ஆறுமாகப் பிரித்திருக்கிறேன். நாலு குழுவுக்கு, ஆறு ஆளுக்கு. ஆளுக்கான ஆறில் பாதி, கேள்வி நேரத்துக்கு. யார் எந்தப் பகுதியைப் பேசினாலும் கேள்வியை நான் வேறொருவரிடம் கேட்பேன். காரணங்கள் பகுதியைப் பேசியவரிடம் சிகிச்சையைக் கேட்பேன், 'தேங்க் யூ' வாசித்தவரிடம் முதல் ஸ்லைடைக் கேட்பேன். முதல் வருஷம் இதற்குப் பெரிய எதிர்ப்பு இருந்தது, இப்போது சீனியர்களே ஜூனியர்களை எச்சரித்துவிடுகிறார்கள்.

ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடச் சொன்னால் எல்லோரும் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போடுவார்கள். நட்பைக் காட்டிக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? அதனால் எண் வேண்டாம் என்றுவிட்டு, உன் குழுவில் யாருக்கு எதற்காக நன்றி சொல்வாய், ஒரு வரி எழுது என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கிறேன். நன்றி சொல்லும்போது பொய் சொல்லத் தெரியவில்லை பிள்ளைகளுக்கு. 'ராத்திரி பதினொன்றரைக்கு போன் பண்ணியும் எடுத்து மனச்சோர்வுக்கும் துக்கத்துக்கும் வித்தியாசம் சொன்னதற்கு' என்று ஒரு சீட்டு. 'பென் டிரைவ் கொண்டுவந்ததற்கு' என்று இன்னொன்று. ஆறு சீட்டில் ஐந்தில் ஒரே பெயர் வந்தால் அந்தக் குழுவில் வேலை பார்த்தது யார் என்று எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

இங்கிலீஷ் இன்னொரு பிரச்சினை. சரளமாக ஆங்கிலம் பேசுகிற பிள்ளைக்கு விஷயமும் தெரிந்திருக்கும் என்று நம் கை தானாக மதிப்பெண்ணைக் கூட்டிவிடும். 1920இல் அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக் ராணுவ அதிகாரிகளின் மதிப்பீடுகளைப் பார்த்துவிட்டு இதைத்தான் எழுதினார். ஒரு ஆளின் தோற்றத்துக்கு நல்ல மதிப்பெண் போட்ட அதிகாரி, அவருடைய புத்திக்கும் தலைமைப் பண்புக்கும் குணத்துக்கும்கூட அதே தோதில் போட்டிருந்தார். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள், வீட்டில் முதல் பட்டதாரிகள். கேள்வி நேரத்தில் தமிழில் பேசலாம் என்று சொன்னபோதுதான் பல பேருக்கு வாய் திறந்தது. நாளைக்கு இவர்கள் வேலைக்குப் போகிற இடத்தில் வரப்போகிறவர் 'நெஞ்சு படபடங்குது, தலைக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, யாரோ செஞ்சு வச்சுட்டாங்க' என்றுதான் சொல்லப்போகிறார். அதைக் கேட்டுப் புரிந்துகொண்டு அவருக்குத் திருப்பிச் சொல்லத் தெரியவில்லை என்றால் பட்டம் எதற்கு?

பைபோலார், அதாவது மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய், எடுத்த குழுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழுத் தலைவன் நல்ல பேச்சாளன். மேனியா என்றால் குறைந்தது ஒரு வாரம், அதன் லேசான வடிவமான ஹைப்போமேனியா என்றால் நாலு நாள் என்று விரலில் எண்ணிச் சொன்னான். பன்னிரண்டு நிமிடம் அவனே ஓட்டினான். கடைசி இரண்டு ஸ்லைடு ஒரு ஒல்லியான பெண்ணிடம் வந்தது. லித்தியம், வால்ப்ரோயேட் என்று மருந்துப் பெயர்களை மைக்குக்கே கேட்காத குரலில் படித்து முடித்தாள். கேள்வி நேரத்தில் ஒருவன், "மாத்திரை வேலை செய்யுதுன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் நிறுத்திடறாங்க?" என்றான். தலைவன் உடனே "லாக் ஆஃப் இன்சைட்" என்றான், தனக்கு நோய் இருப்பதே தெரியாத நிலை என்று பொருள். புத்தகப்படி சரியான பதில்.

அந்தப் பெண் அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். "நல்லா இருக்கறப்பதான் நிறுத்துவாங்க. கை நடுங்கும், டீ டம்ளர் பிடிக்க முடியாது, கடையில இருக்கறவங்க குடிச்சிருக்கான்னு நினைப்பாங்க. எடை ஏறும். அப்புறம், ரொம்ப உற்சாகமா இருந்த நாளெல்லாம் ஞாபகம் வரும். மாத்திரை போட்டா அது வராது. லித்தியத்துக்கு ரத்தம் எடுத்துப் பாக்கணும். முந்தின ராத்திரி மாத்திரை போட்டு பன்னெண்டு மணி நேரம் கழிச்சு, காலைல மாத்திரை போடறதுக்கு முன்னாடி எடுக்கணும். அன்னைக்கு வேலைக்குப் போக முடியாது, ஒரு நாள் கூலி போயிரும். வயித்துப்போக்கு வந்தா உடனே டாக்டர்கிட்ட சொல்லணும், தண்ணி சத்து குறைஞ்சா ரத்தத்துல மருந்து அளவு ஏறிரும்."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. வகுப்பிலும் யாரும் கேட்காமல் இருந்ததற்கு அந்த வகுப்பை எனக்குப் பிடிக்கும். சொந்த வீட்டுக் கதையை மேடையில் சொல்லக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். அறுபது போன், அதில் எத்தனை ரெக்கார்டிங் ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? தவிர, அழுகைக்குக் கைதட்டல் வரும், கைதட்டலுக்கு மதிப்பெண் வரும், அடுத்த வருஷம் அழுவது ஒரு உத்தியாகிவிடும். அவள் அந்த விதியை மீறவில்லை. யாருடைய கதையையும் சொல்லாமல் மருந்தைப் பற்றி மட்டும்தான் சொன்னாள். கேள்வி நேரத்துக்கான மூன்றையும் முழுதாகப் போட்டேன். பேச்சுப் பகுதிக்கு இரண்டில் ஒன்றுதான், ஸ்லைடைப் பார்த்துப் படித்தாள் அல்லவா. பதிலில் மனசு நெகிழ்ந்துவிட்டு அங்கேயும் இரண்டு போட்டால் தார்ன்டைக் எழுதியது எனக்கும் பொருந்திவிடும்.

தற்கொலை வரும் தலைப்புகளில் மட்டும் ஸ்லைடை முன்னாலேயே வாங்கிப் பார்த்துவிடுகிறேன். இறந்துபோன நடிகர்களின் படம், எப்படி இறந்தார்கள் என்ற விவரம் இரண்டுக்கும் இடமில்லை. கடைசி ஸ்லைடில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416 இருக்க வேண்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது, இல்லாவிட்டால் மேடையும் கிடையாது.

இந்த செமஸ்டரில் ஒரு மாற்றம் செய்தேன். நோயின் பெயரைக் கொடுப்பதை நிறுத்திவிட்டு ஒரு பக்கக் கதையைக் கொடுத்தேன். பத்தொன்பது வயதுப் பெண், ஆறு வாரமாகப் படுக்கையை விட்டு எழ முடியவில்லை, சோறு இறங்கவில்லை, படித்தது மண்டையில் ஏறவில்லை. நடுவில் ஒரு வரி: போன தீபாவளிக்கு முன்னால் ஐந்து நாள் ராத்திரி மூன்று மணி நேரமே தூங்கி, சளைக்காமல் பேசிக்கொண்டு, கடன் வாங்கி ஆன்லைனில் புடவைக் கடை ஆரம்பித்தாள், 'இப்பதான் பொண்ணு சுறுசுறுப்பா இருக்கா' என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். ஒரே கதையை இரண்டு குழுவுக்குக் கொடுத்து, அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

முதல் குழு மனச்சோர்வு என்றது. ஆனால் அந்த ஐந்து நாள் எங்களை உறுத்துகிறது என்றார்கள். அப்போது வேறு மருந்து எதுவும் எடுத்தாளா, தைராய்டு பார்த்தார்களா, இதற்கு முன்னாலும் இப்படி வந்ததுண்டா என்று வீட்டில் கேட்க வேண்டும், மனநல மருத்துவரிடம் அனுப்பும்போது அந்த வரியைக் கட்டாயம் எழுதி அனுப்புவோம், சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் எதிர்ப்பக்கம் எகிறிவிட வாய்ப்பு உண்டு என்றார்கள். இரண்டாவது குழு, மனச்சோர்வோடு ஹைப்போமேனியாவும் வரும் பைபோலார் 2 என்று முதல் ஸ்லைடிலேயே போட்டுவிட்டது. நான் மனதில் வைத்திருந்ததும் அதுதான். அதற்குப் பிறகு பதினெட்டு நிமிடம் பைபோலார் 2ஐப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. தைராய்டு கோளாறாக இருந்தால் என்று கேட்டபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குழு மதிப்பெண் நாலில் முதல் குழுவுக்கு மூன்றரை, இரண்டாவது குழுவுக்கு இரண்டு. போர்டில் ஒட்டிய அன்று சாயங்காலமே இரண்டாவது குழுத் தலைவன் ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிட்டான். "மேம், சரியான விடை எங்களோடது." ஆமாம் என்றேன். "அப்ப எப்படி மேம்?" இரண்டு குழுவின் தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முழுசாகப் படித்தான், நியாயமாகவே படித்தான், ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை சரியான நோய்ப் பெயருக்கு எத்தனை மதிப்பெண் என்று முதலிலேயே எழுத்தில் கொடுங்கள் என்றான். அது நியாயமான கோரிக்கை. ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டாக்கச் சொல்லி துறைத் தலைவருக்கு மனு போட்டிருக்கிறான், மூன்று பக்கம், டைப் அடித்து.